ரைபிள் வாங்கப் போகும் கடலோரத்தாருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைக்கும் குறி பார்த்துச் சுடுவதற்கும் ஏற்ற, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் பற்றி அதில் சொன்னவை சரிதான். மரத்துக்குப் பதில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை, பேரலை ஒரு நட் போட்டு இறுக்கி அளவு வைக்கும் முறை என்று கைவேலையைக் குறைத்ததால்தான் அவை அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலை வெட்டி எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எந்த கன் ஹவுஸுக்குப் போனாலும் பயனில்லை. வெளிநாட்டு ரைபிளைத் தனியாள் நேரடியாக வரவழைக்க முடியாது. இறக்குமதிச் சலுகை, தகுதி பெற்ற போட்டி வீரர்களோடு நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது இரண்டு வழி: அரசுத் தொழிற்சாலையில் செய்தது, அல்லது பல கை மாறி வந்த பழைய துப்பாக்கி. இதையும், தலைப்பில் வந்த ‘வேட்டை’ என்ற சொல்லையும் கட்டுரை தொடாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

வேட்டையை முதலில் முடித்துவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியதிலிருந்து பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்த நாட்டில் இடமில்லை. முயல், கௌதாரி, காட்டுப்பன்றி எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ‘ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் கண்மாயில் கொக்கு அடிக்கலாம்’ என்று நம் பக்கத்து இளைஞர்கள் பேசுவதைக் கேட்கலாம். லைசென்ஸ் விலக்கு துப்பாக்கிக்குத்தான், கொக்குக்கு இல்லை.

கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டில் அடைந்து கிடந்து மிளகாயையும் நிலக்கடலையையும் உழுது போடும் பன்றிக்கு என்ன செய்வது என்று விவசாயிகள் கேட்பது நியாயம். ஆனால் அதற்கும் தோளில் ரைபிளை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் சுடுவது, அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்கள். கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவு போட, லைசென்ஸ் வைத்திருப்பவர் சுடுகிறார் என்று அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் சொல்வது உண்மைதான். அது அந்த மாநில ஏற்பாடு. அதை நம்பி இங்கே பணம் போட்டுவிடாதீர்கள். மின்வேலியும், வெடிமருந்தை இரையில் ஒளித்து வைக்கும் அவுட்டுக்காயும் அதைவிடப் பெரிய வம்பு.

ஆக, நம் ஊரில் ஒருவர் ரைபிள் வாங்க நேர்மையான காரணம் என்று பார்த்தால் குறி சுடுதல்தான். அப்படியானால் முதல் ரைபிள் .22 (அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்ட அளவு) ஆகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

.315-ஐப் பெருமைக்காக வாங்குகிறார்கள். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் அமைப்பை வைத்தே செய்தது அது, ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குத் தடை என்பதால் அதன் இடத்தில் 8 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். ஐந்து தோட்டா மேகசின், வழுக்கிக்கொண்டு போகும் போல்ட், கெட்டியான உடம்பு. குறை சொல்ல முடியாத நாட்டு உழைப்பாளி. ஆனால் தோட்டா விலை அதிகம், கிடைப்பதும் உறுதியில்லை, தோளில் உதையும் உண்டு. வருடத்துக்கு நாற்பது தோட்டா சுட்டு யாரும் குறி கற்றுக்கொள்ள முடியாது. கற்பதற்குப் பதில், உதைக்குப் பயந்து ட்ரிக்கரைச் சுண்டி இழுக்கும் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை விடுவிப்பது பெரும்பாடு. அதைவிட வலுவான .30-06 தோட்டா இன்னும் ஒரு படி மேலே.

ஏற்கெனவே வீட்டில் .315 இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேகசினில் திணிக்கும்போது மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். போல்ட்டைத் தள்ளினால் பாதியில் நின்றுவிடும். ‘மேகசின் பழுது’ என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு வருகிறவற்றில் பல இந்தக் கோளாறுதான்.

.22-க்கு வருவோம். புதிதாக என்றால் அரசுத் தொழிற்சாலை ரைபிள். பழையதில் பிர்னோ கிடைத்தால் விடாதீர்கள். செக் நாட்டு வேலை, தலைமுறை தாண்டி உழைக்கும். எதுவானாலும் கடையில் நின்று, ஆள் அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் பார்க்க வேண்டும். போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு எண்ணைப் பாருங்கள். உடம்பில் வெட்டிய எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளதும் அதுவாகவே இருக்க வேண்டும். வேறு ரைபிளின் போல்ட்டைப் போட்டு விற்பது பழைய சந்தையில் நடக்கிறது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி கூடினால் .22-இல் மருந்து எரியாமல் போகும், அல்லது விளிம்பு பிய்ந்து புகை முகத்தில் அடிக்கும். .315-இல் அதே கோளாறு தோட்டாவின் கூட்டையே இரண்டாகக் கிழிக்கும்.

அடுத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பேரலுக்குள் பாருங்கள். எண்ணெய் பளபளப்பு ஏமாற்றும்; முதலில் காய்ந்த துணியை ஓட விடச் சொல்லுங்கள். உள்ளே சுருளாக ஓடும் வரிகளின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பேரலுக்குள் நிழல் வளையம் ஒன்று தெரிந்தால், அங்கே எப்போதோ அடைப்போடு சுட்டுப் பேரல் உப்பியிருக்கிறது என்று பொருள். இனாமாகக் கொடுத்தாலும் அது வேண்டாம். பிறகு பேரல் முனை. காது குடையும் பஞ்சுக்குச்சியை முனையின் உள்விளிம்பில் ஒரு சுற்று சுற்றுங்கள். பஞ்சு எந்த இடத்தில் நூல் விட்டுச் சிக்குகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. குண்டு வெளியேறும் கடைசி நொடியில் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டால் குறி தப்பும். முனையிலிருந்தே சுத்தக் கம்பியைக் குத்திக் குத்தித் தேய்த்த ரைபிள்களில் இது சகஜம். நல்ல கன்ஸ்மித் முனையைத் திரும்பக் கடைந்து கொடுத்துவிடுவார், அதனால் இதற்கு விலையைக் குறைக்கலாமே தவிர ரைபிளைத் தள்ள வேண்டியதில்லை.

.22-க்கே உரிய ஒரு சோதனை, சேம்பரின் வாய் ஓரம். பழைய .22-களை வெறுமையாக வைத்து ட்ரிக்கர் இழுத்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி நேரே அந்த ஓரத்தில் குத்தும். காட்சிக்கு வைத்த ரைபிளை வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘க்ளிக்’ பண்ணிப் பார்த்திருப்பான். நகத்தை வைத்துத் தடவினால் சின்னப் பள்ளமும், அதை ஒட்டி உள்ளே பிதுங்கிய இரும்பும் தட்டுப்படும். அந்தப் பிதுக்கம்தான் வெடித்த கூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே விடாது. ட்ரிக்கர் ஒன்றரைக் கிலோ அளவு இழுப்பில் இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபட வேண்டும். போல்ட்டை வேகமாக மூடும்போதோ, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டும்போதோ ஊசி தானாக விழுந்தால், யாரோ அரத்தால் ராவி லேசாக்கியிருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள்.

மரக்கட்டையில் கீறலைப் பார்க்கிறார்கள், பேரலும் மரமும் தொடும் இடத்தைப் பார்ப்பதில்லை. பேரல் மரத்தில் படாமல் மிதக்கும்படி செய்த ரைபிளானால், ஒரு ரூபாய் நோட்டைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதி ஒரு பக்கம் பேரலை நெருக்கும். கோடையில் சரியாக இருந்த குறி மழைக்காலத்தில் இடம் மாறும். ஸ்கோப்பைத் திருகித் திருகிப் பயனில்லை. கட்டையின் அடித்தகட்டைக் கழற்றி அதன் உள்ளே இருக்கும் மரத்துக்கும், பேரல் படுக்கும் பள்ளத்துக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். வெளிப்பக்கம் வார்னிஷ் பளபளக்க, உள்பக்கம் பச்சை மரமாக விட்டிருப்பதுதான் காரணம்.

இனி நம் கரைக்கே உரிய தொல்லை. மண்டபம், பாம்பன், வாலிநோக்கம் பக்கம் வீட்டு இரும்புக் கதவு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே காற்றுதான் பீரோவுக்குள்ளும் போகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூள் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது போலத்தான் பேரல் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பும். நீலச் சாயம் ஏற்றிய இரும்புக்கு அந்தச் சாயம் காப்பு என்று நினைக்க வேண்டாம். அது மெல்லிய ஆக்சைடுப் படலம். எண்ணெயைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அதிகமாக ரைபிளைக் கெடுப்பது, ரைபிளோடு வாங்கும் உறைதான். பஞ்சு வைத்த ரெக்சின் உறையிலும் தோல் உறையிலும் மாதக்கணக்கில் கிடந்தால் உறை ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்ட வைத்துக்கொண்டிருக்கும். உறை எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்பு அலமாரி, சுவரைத் தொடாமல், நிமிர்த்தி, பேரல் முனை கீழாக. முனை மேலே இருந்தால் எண்ணெய் வடிந்து கட்டை மரத்தை ஊற வைக்கும். போல்ட்டும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில். சிலிக்கா ஜெல் போடுகிறவர்கள் அதைப் போட்டு மறந்துவிடுகிறார்கள்; ஈரம் நிரம்பிய பிறகு அது வெறும் கல். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் காறி, அமிலமாகி, காக்க வேண்டிய இரும்பையே தின்னும். வாரம் ஒரு முறை என்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும், மெல்லிய படலம். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் கிரீஸ். கையால் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும். போல்ட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை யாரும் நினைப்பதில்லை. அங்கே உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து பிசினானால் ஊசி தயங்கி அடிக்கும்; .22-இல் பத்துக்கு இரண்டு வெடிக்காது, பழி தோட்டா மேல் விழும். போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஊசிக்கு ஒரே ஒரு துளி எண்ணெய்.

சுடப் போகும் அன்று காலை பேரலுக்குள் உள்ள எண்ணெயையும் கிரீஸையும் காய்ந்த துணியால் முழுவதும் எடுத்தாக வேண்டும். விட்டால் அழுத்தம் ஏறும். கூடவே, பேரலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வாசலோரம் சாய்த்து வைத்த ரைபிளின் முனையில் குளவி மண் பூசிவிட்டுப் போயிருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு மண்ணடைப்பு போதும், பேரல் உப்பும் அல்லது கிழியும்.

பழைய தோட்டாக்கள் கைக்கு வந்தால், அவற்றின் மருந்துக்கொப்பியில் (ஊசி அடித்ததும் தீப்பற்றும் பகுதி) அரிக்கும் உப்பு விடும் ரகம் உண்டு என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்று மாலையே கொதிநீரைப் பின்பக்கமிருந்து ஊற்றி அலசி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். நம் கரையில் ஒரு இரவு தாமதித்தாலே பேரலுக்குள் சிவப்புப் பூத்துவிடும்.

தோட்டா விஷயத்தில் ரைபிளின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஒரே ரைபிள் ஒரு ரகத்தை அள்ளி ஒரே இடத்தில் போடும், இன்னொன்றைச் சிதறடிக்கும். கிடைக்கிற மூன்று நான்கு ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேசையில் மணல் பை வைத்து, 50 மீட்டரில் ஐந்து ஐந்தாக நான்கு கூட்டம் சுட்டு அளந்து பாருங்கள். மூன்று குண்டு அடித்து ‘ஒரே ஓட்டை’ என்று காட்டும் விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். எது நன்றாகப் போகிறதோ அதே தயாரிப்பு எண்ணில் லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி வைக்கலாம். ‘ஹை வெலாசிட்டி’ என்று எழுதியதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண .22 தோட்டா விநாடிக்கு 325 மீட்டர் அளவில், ஒலியைவிட மெதுவாகவே போகும். வேகமானது ஒலியைத் தாண்டிக் கிளம்பி, போகும் வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். காற்றிலும் அதுதான் அதிகம் விலகும்.

காற்று என்றதும், வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றைச் சொல்லாமல் முடியாது. மணிக்கு 16 கிலோமீட்டர் என்பது நமக்குக் காற்றே இல்லை. அது குறுக்கே அடித்தால் 50 மீட்டரில் .22 குண்டு சுமார் 25 மி.மீ. தள்ளிப் போகும். போட்டி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. நடுவில் பிடித்துச் சுட்டாலும் பத்து போய் ஏழு. இலக்கருகே ஒன்று, பாதி வழியில் ஒன்று என்று நூல் ரிப்பன் கட்டி வையுங்கள். பாதி வழி ரிப்பனையே அதிகம் நம்ப வேண்டும், ஏனென்றால் குண்டு தொடக்கத்தில் வாங்கிய விலகல் கடைசி வரை வளர்ந்துகொண்டே போகும். ரிப்பன் ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் சுடுங்கள்.

ஸ்கோப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் பீப் சைட் (சிறு துளை வழியே பார்க்கும் குறி) போதும். ஸ்கோப் போட்டால், 50 மீட்டருக்கே பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரியும் பிழை) சரிசெய்து வைத்த ரகமாக இருக்கட்டும். மவுண்ட் திருகு துருப்பிடித்துத் தளர்வதைத்தான் ‘ஸ்கோப் கெட்டுவிட்டது’ என்கிறார்கள். ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ரைபிள் ஸ்கோப் மாட்டினால் உடையும். ஏர்கன்னின் உதை முன்னும் பின்னும் இரு பக்கமும் உண்டு. பிள்ளைகளுக்குத் தொடக்கம் ஏர் ரைபிள்தான்: .177 அளவுக்கும் 20 ஜூல் விசைக்கும் மிகாததற்கு லைசென்ஸ் வேண்டாம்.

எங்கே சுடுவது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வற்றிய கண்மாய், கடற்கரை மணல் எதுவும் சுடுதளம் ஆகாது. .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும், தண்ணீரிலும் ஈர மணலிலும் பட்டால் தவளைப் பாய்ச்சல் போட்டு எகிறும். கிளப்பின் தளம்தான் வழி. மதுரைத் தளத்துக்குப் போகிறவர்கள் லைசென்ஸில் ‘செல்லும் எல்லை’ என்ன என்று பாருங்கள். மாவட்டத்துக்குள் மட்டும் என்று இருந்தால் எல்லையோர ஊரான பார்த்திபனூர் தாண்டியதும் குற்றம்.

லைசென்ஸில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. விண்ணப்பிக்கிற பலருக்கு இது தெரியாது. வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஒரு சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்குப் புதிய ஆயுத லைசென்ஸ் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைச் சரணாலயங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், கடலோரத்தில் தப்பும் ஊர் எத்தனை என்று. 21 வயது, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால், இந்த ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அட்வான்ஸ் கொடுத்து ரைபிளைப் பிடித்து வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண லைசென்ஸ்காரருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சவரம்பு என்பதால், அப்பாவின் .315-உம் தாத்தாவின் இரட்டைக் குழலும் பெயருக்கு மாறியிருந்தால் .22-க்கு இடமிருக்காது.

கடைசியாகத் தேர்தல். அறிவிப்பு வந்தால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டு மாதம், சில நேரம் மூன்று மாதம், யாரும் துடைக்காத அறையில் கிடக்கும். ஒப்படைக்கும் முன் பேரலுக்குள்ளும் வெளியிலும் போல்ட்டிலும் கிரீஸைத் தாராளமாகப் பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, உறை இல்லாமல் கொடுங்கள். ரசீதில் எண்ணோடு பேரலின் நிலை, மரத்தில் உள்ள கீறல், ஸ்கோப் உண்டா இல்லையா என்பதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே தாளைப் பிரித்து, அந்த ரசீதை வைத்துச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாவட்ட நிர்வாகம் இந்த ரசீதில் ஆயுதத்தின் நிலையைக் குறிக்க ஒரு கட்டம் சேர்த்துவிட்டால், கடலோர லைசென்ஸ்காரர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் இடையே தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குவாதம் குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவிபட்டினம்,
ராமநாதபுரம் மாவட்டம்.